கனம் குறையணும், உருவம் குலையக் கூடாது: குட்டிக் கேக் செய்யும் முறை

டயட் கேக் கேட்டு வருகிறவர்களில் பலர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "வீட்டுல செஞ்சு பாத்தோம் எக்கா. ஓவன்ல இருக்கும்போது நல்லா பொங்கி வந்தது, வெளிய எடுத்ததும் அமுங்கிப் போச்சு." இன்னும் சிலருக்கு அது பொங்கவே இல்லை, களி பிடித்த மாதிரி அடியில் தங்கிவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எண்ணெயைக் குறைத்திருப்பார்கள், சீனியைக் குறைத்திருப்பார்கள், மைதாவை எடுத்துவிட்டு ஓட்ஸ் பொடி போட்டிருப்பார்கள். எடுத்துவிட்ட அந்தப் பொருள் கேக்குக்குள் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வேலையைச் செய்ய வேறொரு ஆளைப் போட்டால் போதும். கேக் லேசாகவும் இருக்கும், நிமிர்ந்தும் நிற்கும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறையில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்திலிருந்தும் ஆர்டர் வரும். இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கேக் புதிதில்லை. வட கேரளத்துத் தலச்சேரியில் 1883-ல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டத்துரை, தான் கொண்டுவந்த கேக்கைக் காட்டி இதைப் போலச் செய்ய முடியுமா என்று கேட்க, மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் செய்து கொடுத்தார் என்பார்கள். அந்த வழியில் வந்த பழக்கேக் கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டிலும் இருக்கும். அந்தக் கேக் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கும், வெட்டினால் பொடியாமல் நிற்பதற்கும் அதிலுள்ள சீனியும் வெண்ணெயும்தான் காரணம். மாலைச் சாயாவோடு தினம் ஒன்று சாப்பிட அது ஆகாது. என் மாமியாருக்குச் சுகர் இருக்கிறது, எங்கள் மைனி எடை குறைக்கிறாள். இவர்களுக்காகத்தான் இந்தக் குட்டிக் கேக்.

சீனியின் வேலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் கை வைப்பது அதில்தான். சீனி இனிப்பு மட்டுமில்லை. முட்டையை அடிக்கும்போது வரும் நுரையின் சுவரைக் கெட்டியாக்குகிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, முட்டையும் மாவும் இறுகும் சூட்டைச் சற்று மேலே தள்ளிப் போடுகிறது. அதனால் கேக்குக்குப் பொங்க நேரம் கிடைக்கிறது. சீனியை முழுக்க நிறுத்தினால் சீக்கிரமே இறுகி, உயரம் குறைந்து, மறுநாளே காய்ந்துவிடும். ஸ்டீவியா சில துளி விட்டால் இனிப்பு வரும், ஆனால் இந்த மூன்று வேலையில் ஒன்றைக்கூட அது செய்யாது. ஆஸ்பர்டேம் என்றால் சூட்டில் இனிப்பே போய்விடும். அப்புறம், எடை குறைப்பதற்காக இந்த மாதிரி இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. அவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் சீனியைப் பாதிக்கும் கீழே குறைக்கிறேன், ஆனால் நிறுத்துவதில்லை.

எண்ணெயின் வேலை மென்மை. ஒரு கிராமுக்கு 9 கலோரி என்பதால் இதைக் குறைத்தால் கணக்கு சட்டென்று இறங்கும். மாவும் சீனியும் கிராமுக்கு 4 கலோரிதான். கேக்கைத் தூக்கி நிறுத்துவதில் எண்ணெய்க்குப் பெரிய பங்கு இல்லை. சொல்லப்போனால் அது முட்டை நுரையை உடைக்கத்தான் பார்க்கும். ஆகவே இதில் தாராளமாகக் கத்தி வைக்கலாம். அந்த மென்மையைக் கெட்டித் தயிர் கொஞ்சம் ஈடுகட்டும்.

மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு போடும்போதுதான் கவனம் வேண்டும். தவிட்டின் முனைகள் நுரையைக் குத்தி உடைக்கும், தண்ணீரையும் அதிகமாக இழுக்கும். கேழ்வரகு, ஓட்ஸ் மட்டும் போட்டால் இழுத்துப் பிடிக்கும் பசையே இல்லாமல் பொடிந்து விழும். இதற்கு எங்கள் ஊரில் கையருகே ஒரு பொருள் இருக்கிறது, மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளிக் கிழங்கு. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் பரப்பிய கிழங்கு இது. அந்நாளில் நாங்களும் திருவிதாங்கூர்தானே, அதனால் எந்தப் புரையிடத்திலும், அதாவது வீட்டுத் தோட்டத்திலும், நாலு மூடு மரச்சீனி நிற்கும். அதன் வெள்ளை மாவுச்சத்து, அதாவது ஜவ்வரிசி செய்கிற அதே மாவு, சூட்டில் பசையாகி கேக்கின் சுவர்களை ஒட்டிப் பிடிக்கும். கடையில் வாங்கலாம். வீட்டில் எடுக்கவும் எளிது: தோலுரித்த கிழங்கைத் துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, மெல்லிய துணியில் பிழிந்து, அந்தப் பாலை நாலைந்து மணி நேரம் ஆடாமல் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். மேல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், எதற்கும் பயன்படுத்த வேண்டாம். புதுத் தண்ணீர் விட்டு இன்னொரு முறை தெளிய வைத்து, படிந்ததை நல்ல வெயிலில் சுக்காகக் காய வைத்துப் பொடித்துச் சலித்தால் மாவு தயார். எதுவும் முடியாதென்றால் கார்ன்ஃப்ளார் போடுங்கள், குறையொன்றும் வராது.

12 கேக்குக்கு அளவு

முட்டை 3 (ஓடு நீக்கி 150 கிராம் வர வேண்டும்), சீனி 40 கிராம், கருப்பட்டி 20 கிராம், சலித்த கோதுமை மாவு 70 கிராம், மரச்சீனி மாவு 15 கிராம், கெட்டித் தயிர் 30 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காயும் சுக்கும் பொடித்தது கொஞ்சம்.

தராசு இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்வேன். பழக்கேக்கில் மாவு பத்து கிராம் கூடினாலும் அது தாங்கும். இங்கே எல்லாமே குறைவாக இருப்பதால் பத்து கிராம் என்பது பெரிய வித்தியாசம்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். மொத்தக் கலவை ஏறக்குறைய 340 கிராம், 890 கலோரி. 12 ஆகப் பிரித்தால் ஒன்றுக்கு 28 கிராம், 75 கலோரிக்குப் பக்கம். வெண்ணெய், சீனி, மாவு, முட்டை நான்கையும் சம எடையில் போடும் கேக் கலவையில் அதே 28 கிராம் எடுத்தால் 110 கலோரிக்கு மேல் போகும். நம் கேக் ஒன்றில் இனிப்பு 5 கிராம். மாவையும் சேர்த்தால் மாவுச்சத்து மொத்தம் 10 கிராம் போல. ஒரு நாளில் சேர்க்கும் இனிப்பு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிற உலக சுகாதார நிறுவனக் கணக்கோடு இதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கருப்பட்டி போட்டதால் சுகர் ஏறாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கருப்பட்டியும் இனிப்புத்தான், இரத்தத்தில் ஏறத்தான் செய்யும். அதன் மணத்துக்காகவும், ஈரத்தைப் பிடித்து வைக்கும் குணத்துக்காகவும் நான் அதைச் சேர்க்கிறேன். மாமியாருக்கு ஒன்று கொடுத்தால் அன்றைய சாயாவில் சீனி கிடையாது, அதுதான் எங்கள் வீட்டு ஒப்பந்தம்.

செய்முறை

முதலில் ஓவனை 170 டிகிரியில் கால் மணி நேரம் சூடாக்கப் போடுங்கள். கலவை தயாரான பிறகு ஓவனைப் போடுகிறவர்களின் கேக் நிச்சயம் அமுங்கும், ஏனென்றால் நுரை காத்திருக்காது. வீட்டு ஓடிஜி ஓவன்களில் திருகியில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. உள்ளே வைக்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

கோதுமை மாவை மெல்லிய அரிப்பில் சலித்து, அரிப்பில் நிற்கும் தவிட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். சலித்ததைத்தான் 70 கிராம் நிறுக்க வேண்டும். மரச்சீனி மாவு, பேக்கிங் பவுடர், உப்பு, ஏலக்காய், சுக்கு எல்லாம் சேர்த்து இன்னும் இரண்டு முறை சலியுங்கள்.

கருப்பட்டியைத் துருவி, ஒரு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்டால் பல்லில் மண் நறுக்கென்று கடிபடும். அது ஆறியதும் தயிரையும் எண்ணெயையும் விட்டுக் கலக்கி வையுங்கள்.

எண்ணெய் பற்றி ஒரு சொல். அன்றே சாப்பிடுவதென்றால் தேங்காய் எண்ணெய் விடுங்கள், கருப்பட்டியோடு சேர்ந்து அந்த மணம் வேறெதிலும் வராது. ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஃபிரிட்ஜில் வைத்தால் கேக்கும் விறைத்துப்போகும். ஃபிரிட்ஜில் வைக்கப் போகிறீர்கள் என்றால் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ போதும்.

இனி முட்டை. இதுதான் கேக்கின் தூண். ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாத பாத்திரத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, சீனியைச் சேர்த்து, பாத்திரத்தைக் கொதித்து இறக்கிய வெந்நீரின் மேல் வைத்துக் கையால் கலக்குங்கள். விரலை விட்டால் இளஞ்சூடாக, 40 டிகிரி போல இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் முட்டை வேகத் தொடங்கும். இளஞ்சூட்டில் முட்டை தளர்ந்து அதிகக் காற்றை வாங்கிக்கொள்ளும். சூட்டிலிருந்து எடுத்து பீட்டரை வேகமாக வைத்து ஆறிலிருந்து எட்டு நிமிடம் அடியுங்கள். நிறம் வெளுத்து, அளவு மூன்று மடங்குக்குக் குறையாமல் பெருகும். பீட்டரைத் தூக்கினால் விழுகிற கலவை மேலே நாடா போலக் கோடாக நின்று, ஐந்து நொடி எண்ணும்வரை கலையாமல் இருக்க வேண்டும். கலைந்தால் இன்னும் அடிக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் பின்னால் எதைச் செய்தும் சரிசெய்ய முடியாது. பதம் வந்ததும் பீட்டரை மிக மெதுவாக்கி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பெரிய குமிழிகள் உடைந்து எல்லாம் ஒரே சீரான சின்னக் குமிழிகளாகும். பெரிய குமிழி சூட்டில் வெடித்து ஓட்டையாகும், சின்னக் குமிழி நிலைக்கும். இந்த ஒரு நிமிடத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. குட்டிக் கேக்கில் ஒரு ஓட்டை விழுந்தாலே பாதிக் கேக் போச்சு, அதனால்தான் சொல்கிறேன்.

மாவை மூன்று தடவையாக நுரையின் மேல் தூவுங்கள். பீட்டரை ஒதுக்கிவிட்டு, ஸ்பாட்டுலாவை நடுவில் இறக்கி, அடியைத் தடவிக் கொண்டுவந்து மேலே மடித்துப் போடுங்கள். பாத்திரத்தை ஒவ்வொரு மடிப்புக்கும் கொஞ்சம் திருப்புங்கள். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போன உடனே நிறுத்த வேண்டும். தயிர்க் கலவையை நேரே நுரையில் ஊற்றினால் கனத்தால் அடிக்குப் போய், வெந்த பிறகு கேக்கின் அடியில் ரப்பர் மாதிரி ஒரு தட்டு நிற்கும். அதனால் கலவையில் ஒரு பெரிய கரண்டி எடுத்து, தயிர்க் கிண்ணத்தில் போட்டு அதை நன்றாகவே கலக்கிவிடுங்கள். அந்த ஒரு கரண்டி நுரை போனால் போகட்டும். இப்போது இரண்டும் ஏறத்தாழ ஒரே கனத்துக்கு வந்திருக்கும். திரும்ப ஊற்றி ஏழெட்டு மடிப்பில் சேர்த்துவிடலாம்.

மஃபின் தட்டின் குழிகளில் பேப்பர் கப் வைத்து, ஒவ்வொன்றிலும் 28 கிராம். கப்பில் முக்கால் பங்குக்கு மேல் நிரம்பக் கூடாது. பேப்பர் கப்பை மட்டும் வெறும் தட்டில் வைத்தால் பக்கவாட்டில் சாய்ந்து விரியும். குழித்தட்டு இல்லாதவர்கள் சின்ன ஸ்டீல் கிண்ணங்களுக்குள் கப்பை வைக்கலாம். கப்பின் உள்ளே எண்ணெய் தடவாதீர்கள். நுரையால் எழும்பும் கேக் பக்கச் சுவரைப் பிடித்துத்தான் மேலே ஏறும், வழுக்கினால் ஏறாது, ஏறினாலும் ஆறும்போது சுருங்கும். எடுத்து வைத்த தவிட்டை மேலே ஒரு சிட்டிகை தூவிவிட்டால் நார்ச்சத்தும் வீணாகாது, பார்க்கவும் அழகு.

தட்டை மேடையில் ஒரு முறை லேசாகத் தட்டி, உடனே ஓவனின் நடுத் தட்டில் வையுங்கள். 14 முதல் 16 நிமிடம். முதல் பத்து நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. மேலே விரலால் மெல்ல அழுத்தினால் குழி விழாமல் மீண்டு வர வேண்டும். நடுவில் குத்திய குச்சி ஈரமில்லாமல் வர வேண்டும்.

வெளியே எடுத்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. தட்டை ஒரு சாண் உயரத்திலிருந்து மேடையில் விரித்த துணியின் மேல் நேராகப் போடுங்கள். பலர் இதைக் கேட்டதும் பயப்படுகிறார்கள். குமிழிகளுக்குள் சூடான நீராவி இருக்கிறது. அப்படியே ஆறவிட்டால் ஆவி தண்ணீராகிச் சுருங்கும்போது சுவரையும் உள்ளே இழுக்கும். அந்த ஒரு அதிர்ச்சியில் சுவர்களில் நுண்ணிய வழி உண்டாகி ஆவி வெளியேற, வெளிக்காற்று உள்ளே போய்விடும். போட்டு மூன்று நிமிடம் கழித்து, கேக்குகளை எடுத்துக் கம்பி வலையில் ஆற வையுங்கள். சூடான குழியிலேயே விட்டால் பேப்பர் வியர்த்து, கேக்கை விட்டுப் பிரியும்.

எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க

நடு மட்டும் குழிந்தால் வேக்காடு போதவில்லை, அல்லது பேக்கிங் பவுடர் கூடிவிட்டது. நிறையப் போட்டால் நிறையப் பொங்கும் என்பது பாதி உண்மைதான். சுவர் இறுகும் முன்பே பொங்கித் தீர்ந்தால் அப்புறம் விழ வேண்டியதுதான். உச்சி கூம்பி வெடித்தால் சூடு அதிகம், அல்லது மேல் கம்பி எரிகிறது. இடுப்பு மட்டும் உள்வாங்கினால் தட்டைப் போடவில்லை, அல்லது தயிர் தண்ணீராக இருந்திருக்கிறது. எல்லாமே தட்டையாக இருந்தால் முட்டைப் பதம் வரவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் எங்களுக்குக் கிடைப்பதால் காற்றில் எப்போதும் ஈரம். திறந்து வைத்த பேக்கிங் பவுடர் சீக்கிரம் செத்துப்போகும். ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுப் பாருங்கள், சடசடவென்று நுரைத்தால்தான் அதற்கு உயிர் இருக்கிறது.

பழம் சேர்க்க, முட்டை தவிர்க்க

தோல் கறுக்கத் தொடங்கிய ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) 60 கிராம் மசித்துச் சேர்த்தால் கருப்பட்டியையும் தயிரையும் விட்டுவிடலாம். மசியலை எண்ணெயோடு கலந்து, தயிர்க் கலவை சேர்க்கிற அதே முறையில் சேருங்கள். உயரம் கொஞ்சம் குறையும், ஆனால் உருவம் நிற்கும், ஏத்தம்பழத்தில் மாவுத்தன்மை இருப்பதால். மட்டிப்பழம் எங்கள் ஊரின் பெருமை, 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குழந்தைகளுக்கு ஊட்ட அதற்கு இணை கிடையாது. ஆனால் இந்தக் கேக்கில் மட்டியும் வேண்டாம், பாளையங்கோட்டானும் வேண்டாம். குழைந்து நடுவில் பிசுபிசுக்கும்.

முட்டை வேண்டாதவர்களுக்கு: கோதுமை மாவு 80 கிராம், மரச்சீனி மாவு 20 கிராம், கெட்டித் தயிர் 100 கிராம், பால் 60 மில்லி, சீனி 50 கிராம், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், சோடா உப்பு கால் டீஸ்பூன். இங்கே நுரை இல்லை, தயிரும் சோடாவும் சேர்ந்து விடுகிற வாயுதான் எழுப்பும். எண்ணெயை இதற்கு மேல் குறைக்க முடியாது. ஈரப்பொருளையும் மாவையும் தனித்தனியாகக் கலந்து, சேர்த்ததும் கட்டி உடைந்தால் போதும் என்று நிறுத்தி, கப்பில் பாதி மட்டும் ஊற்றி உடனே வேக வைக்க வேண்டும். இதை வட்டயப்பம் மாதிரி ஆவியிலும் வேக வைக்கலாம், 15 நிமிடம். மூடியில் துணி கட்டாவிட்டால் சொட்டும் தண்ணீர் ஒவ்வொரு கேக்கின் தலையிலும் பள்ளம் போட்டுவிடும். முட்டைக் கேக்கை ஆவியில் வைக்க வேண்டாம்.

வைத்திருப்பதும் அனுப்புவதும்

சீனி குறைந்தால் கெடுவதும் சீக்கிரம். சீனி தண்ணீரைக் கட்டிப் போடுகிறது. அது குறையும்போது பூஞ்சணத்துக்கு ஈரம் தாராளமாகக் கிடைக்கிறது. மழைக்காலத்தில் வெளியே ஒரு நாள், வெயில் காலத்திலும் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் நாலு நாள் தாங்கும். ஃப்ரீசரில் ஒரு மாதம்கூட வைக்கலாம், சாப்பிடும் முன் அரை மணி நேரம் வெளியே எடுத்து வைத்தால் போதும்.

பஸ்ஸில் கொண்டுபோகிறவர்களுக்கு நான் சொல்வது இது. முழுக்க ஆறுவதற்கு முன் டப்பாவை மூடாதீர்கள், ஒரு மணி நேரமாவது வலையில் இருக்கட்டும். கேக்குகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நெருக்கமாக நிற்கும் அளவுக்குச் சின்ன டப்பாவாக எடுங்கள், நடுவே இடம் இருந்தால் சாயும். ஒரே அடுக்குத்தான், மேலே இன்னொரு அடுக்கு வைக்க வேண்டுமென்றால் இடையில் கெட்டி அட்டை வைத்து, அந்த அட்டை டப்பாவின் ஓரத்தில் தாங்கி நிற்கிறதா என்று பாருங்கள். கேக்கின் தலையில் அட்டை உட்காரக் கூடாது.